மாடி வாடகையும் என் லாப நட்டமும்

கணக்குப்பதிவியல் டியூஷன் எடுக்கிறவங்க வீட்டுலதான் கணக்கு எப்பவும் உதைக்கும். நம்பாட்டி ஒத்தக்கடைக்கு வந்து எங்க வீட்டைப் பாருங்க. பஸ்ஸை விட்டு இறங்கி "எம்.காம் மிஸ் வீடு எது"ன்னு கேட்டா யாரா இருந்தாலும் கை காட்டுவாங்க. போர்டு வைக்கக் காசு ஒதுக்க மறந்ததால அந்த ஏற்பாடு. என்னை மாதிரி சாக்பீஸ் தூளைத் தின்னே பொழப்பு நடத்துற அக்கா தங்கச்சிகளே, அண்ணன் தம்பிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். வேற யாருக்கும் இந்த வலி புரியாது.

வரவா, வாரேனா?

பதினொன்னாம் வகுப்புக்கு முதல் நாள். "பணம் உள்ள வந்தா ரொக்கக் கணக்குல பற்று, வெளிய போனா வரவு"ன்னு எழுதிப்புட்டுப் பெருமையாத் திரும்புனேன். விக்னேஷ்னு ஒரு பையன் எந்திரிச்சான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல அவங்க அப்பா கடை வச்சிருக்காரு. "எங்க கடையில வந்தாத்தான் வரவு மிஸ். நீங்க தலைகீழா எழுதிட்டீங்க"ன்னான். கைய ஆட்டி, நடந்து காட்டி, தொண்டைத் தண்ணி வத்த விளக்கிப் பார்த்தேன். ஒரு முகத்துலயும் தெளிவு இல்ல. எனக்கே லேசா சந்தேகம் வந்துருச்சு. கடைசியில எம்.காம்ல எனக்கு யாரும் சொல்லாத விளக்கத்தை அவனே சொன்னான்: "போகும்போது வாரேன்னு சொல்லிட்டுத்தானே போறோம், பணமும் அப்படியா மிஸ்?"

டியூஷன் வேற, நான் வேற

டியூஷன் நடக்குறது எங்க சொந்த வீட்டு மாடியில. என் வீட்டுக்காரர் காளவாசல்ல டூவீலர் ஸ்பேர்பார்ட்ஸ் கடை வச்சிருக்காரு. அந்த மாடிய வாடகைக்குக் கேட்டு ஒரு செல்போன் சர்வீஸ்காரர் நடையா நடந்துக்கிட்டு இருந்தாரு. "மார்ச்சுக்குள்ள லாபம் காட்டு, இல்லாட்டி மாடிய விட்டுருவோம்"னு வீட்டுக்காரர் கெடு வச்சுட்டாரு. அந்த மாடியும் போச்சுன்னா நாள் பூரா நானும் மிக்சியும்தான் பேசிக்கிட்டு இருக்கணும்.

அந்த வாரம் பார்த்து நான் நடத்துன பாடம், வணிகத் தனித்தன்மை. அதாவது கடை வேற, முதலாளி வேற, ரெண்டும் தனித்தனி ஆளு. நல்லா தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லிக் குடுத்தேன். மனுசன் மாடிப்படியில நின்னு கேட்டிருக்காரு. சாப்பிட உக்காந்தப்ப ரசத்தை ஊத்திக்கிட்டே ஆரம்பிச்சாரு: "டியூஷன் வேற, நீ வேறன்னா, இம்புட்டு நாள் மாடி வாடகைய நான் யாருகிட்ட கேக்கணும்?"

எடுப்பு

தொழில் பணத்தை முதலாளி சொந்தச் செலவுக்கு எடுத்தா அதுக்குப் பேரு எடுப்பு. அதுல எனக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாம். பால், காய்கறி, கொலுசு ரிப்பேர், எல்லாத்துக்கும் ஃபீஸ் டப்பாதான். பாடத்துக்கு நடுவுல கேஸ் சிலிண்டர் வந்து நிக்க, "டப்பாவுல இருந்து எடுத்துக் குடும்மா"ன்னு சுவாதிய அனுப்புனேன். சுவாதி முன்பெஞ்சு. பழகுறதுக்காக டியூஷன் கணக்கை எழுதுறது அவதான். போனவ பேனாவோட திரும்பி வந்தா. அத்தனை பேரு முன்னாடியும் கேட்டா: "மிஸ், எடுப்புன்னு எழுத இனிமே எடம் இல்ல, களவுன்னு ஒரு தலைப்பு போட்டுக்கவா?"

நற்பெயர்

மார்ச் வந்துச்சு. டியூஷனோட கணக்கையே பிள்ளைங்களுக்குப் பயிற்சியாக் குடுத்தேன். வீட்டுக்காரர் கடைய மூடிட்டு வந்து பின்பெஞ்சுல உக்காந்துட்டாரு. நானும் வாடகைய மட்டும் நைசா விட்டுட்டேன். அப்படியும் லாபம் துளியூண்டுதான் வந்துச்சு. "வாடகை?"ன்னு பின்பெஞ்சு கேட்டுச்சு. சேர்த்தோம். நட்டம்.

விடுவேனா? இருப்புநிலைக் குறிப்புல சொத்துப் பக்கம் "நற்பெயர்"னு எழுதி, பக்கத்துல கை கூசாம ஒரு பெரிய தொகையப் போட்டேன். ஒத்தக்கடை பூரா என் பேரு தெரியுமே, அதுக்கு ஒரு விலை கிடையாதா? சுவாதி அழிரப்பரோட எந்திரிச்சா. வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரிச்சுட்டாரு, ஏன்னா அவ சொன்னது அச்சு அசலா என் குரல்லயே இருந்துச்சு: "காசு குடுத்து வாங்காத நற்பெயரை ஏட்டுல காட்டக்கூடாதுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?"

இடமாற்றம்

செல்போன்காரர் மாடிக்கு வந்துட்டாரு. இனிமே டியூஷன் இல்லன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லும்போது அழுதேன்னே வச்சுக்கங்க. பிள்ளைங்க பையைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொருத்தராக் கிளம்பிட்டாங்க. அதுதான் இன்னும் சங்கடமா இருந்துச்சு.

மறுநாள் மாவு வாங்கிட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சா, ஹால்ல சோபாவைச் சுவரோரம் தள்ளி, டிவிய மறைச்சுக் கரும்பலகைய நிறுத்தி, அத்தனை பேரும் தரையில உக்காந்திருக்காங்க. போர்டுல பன்னெண்டாம் வகுப்பு முதல் பாடத்தோட தலைப்பு. மாவைக் கீழ வைக்கக்கூடத் தோணல, அப்படியே நடத்த ஆரம்பிச்சேன். அந்நேரம் வீட்டுக்காரர் வந்து செருப்பைக் கழட்டுனாரு. மறைஞ்ச டிவிய ஒரு தடவ பார்த்தாரு, என்னை ஒரு தடவ பார்த்தாரு. "சரி, இந்த ஹாலுக்கு எனக்கு யாரு வாடகை குடுப்பா?"ன்னாரு. விக்னேஷ் எந்திரிச்சுக் கையக் கட்டிக்கிட்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான்: "அதை வாராக்கடன்ல எழுதிருங்கண்ணே."

டியூஷன் இப்பவும் நட்டத்துலதான் ஓடுது, ஆனா அந்த நட்டம் எம்புட்டுன்னு பைசா சுத்தமாக் கணக்குப் போட்டுச் சொல்ல எனக்கு ஒரு வகுப்பே இருக்கு.