தொடலாமாங்க

பாபநாசத்தில் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு எதிரிலேயே, வெளிநாட்டில் கைரோபிராக்டிக் என்கிற முதுகெலும்பு வைத்தியம் படித்துவிட்டு வந்த அந்தப் பெண் கடை போட்டார். ஒல்லியான உடம்பு, பெரிய கைகள். யார் முதுகெலும்பில் கை வைப்பதற்கு முன்பும், "தொடலாமாங்க?" என்று கேட்பார். எனக்கு அது வெறும் நடிப்பாகத்தான் பட்டது. என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டினார்கள்.

ஒருநாள் அப்பாவும் தாண்டினார். கூலி உயர்வு கேட்டவர்களின் குடிசைகளை அந்தக் காலத்தில் பிரித்தெறியச் சொன்ன மிராசுதார் அவர். வயிறெரிய நானும் பின்னாலேயே போனேன்.

"தொடலாமாங்க?"

குப்புறப் படுத்திருந்த அப்பா சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எங்கம்மா உங்க வயல்ல நடவு நட்டவங்க. நீங்க சொன்னாத்தான் தொடுவேன்."

"தொடும்மா" என்றார் அப்பா, கெஞ்சுவது போல.

அந்தக் குரலில் அவர் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. பத்து வருஷமாக அந்த முதுகை நீவிவிட்டவன் நான்.