எல்லோரும் ஜெயித்த ஞாயிறு

மெர்ல் ஹோடாக்குக்கு அமெரிக்க ஃபுட்பால் பிடிக்காது. பதினெட்டு வருடம் அதை வைத்தே பிழைத்தவர் அவர். லாஸ் வேகஸில், ஃப்ரீமான்ட் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன சூதாட்ட விடுதி இருந்தது. அதன் பந்தயக் கூடத்தில் எண் போடுகிறவர் அவர்தான். எந்த அணி எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்று பலகையில் ஏற்றுகிற வேலை. நான் நாடீன். அங்கே ஜன்னலில் உட்கார்ந்து பந்தயச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது.

லெஸ்டர் ஆம்டால் என்று ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவர் வருவார். வாரம் தவறாமல் கலிஃபோர்னியா அணி மேல் இருபத்திரண்டு டாலர் கட்டுவார். ஒருநாள் அவர் மெர்லை மடக்கினார்.

"மூணுன்னு போட்டிருக்கியே, நெஜமாவே மூணு புள்ளியிலதான் ஜெயிப்பாங்களா?"

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியாமலா போர்டுல ஏத்துன?"

"ஆட்டத்தப் பாத்துப் போடலப்பா, உன்னப் பாத்துப் போட்டேன். நாலு புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சாத்தான் காசுன்னா பாதிப் பேரு பயந்து அந்தப் பக்கம் போவான். மீதி பாதி உன்ன மாதிரி இந்தப் பக்கம் நிப்பான். தோத்தவன் குடுத்த இருபத்திரண்டுல ஜெயிச்சவனுக்கு இருபது போகும். மிச்ச ரெண்டு எங்களுக்கு. யாரு ஜெயிச்சா என்ன?"

"அப்ப உங்க கரண்டு பில்லக் கட்டுறது நான்தான்னு சொல்லு."

"என் பல்லு செட்டையும் சேத்துக்க."

சொல்லும்போது சிரிப்பார். ஆனால் அந்த வேலை அவரை அரித்துவிட்டிருந்தது. நாள் முழுக்கத் தொலைபேசியில் முகம் தெரியாத பையன்களின் முழங்காலைப் பற்றியே விசாரிப்பார். ஒருவனுக்குத் தோள் பிசகினால் அரைப் புள்ளி, கணுக்கால் போனால் ஒன்றரை. "வலிக்குதான்னு ஒருநாளும் கேட்டதில்ல நாடீன், ஆடுவானா மாட்டானான்னுதான் கேப்பேன்" என்பார். வீட்டில் மனைவி ஐரீன் டி.வி.யில் ஆட்டத்தைப் போட்டால், எழுந்து வெளியே போய்விடுவாராம்.

அந்த நவம்பர் வாரம் கலிஃபோர்னியா அணிக்கும் ஒஹாயோ அணிக்கும் ஆட்டம். மெர்ல் மூன்று என்று ஏற்றினார். வியாழக்கிழமையிலிருந்து ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்து கலிஃபோர்னியா மேலேயே கட்டினார்கள். மூன்றை மூன்றரை ஆக்கினார். அப்போதும் நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை, கூடத்தின் மேலாளர் கார்வின் ஸ்ட்ரௌட் என் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த மெர்லின் மேசையருகே வந்து நின்றார். மெர்லைவிட இருபது வயது இளையவர்.

"யோவ் ஹோடாக், எல்லாம் ஒரே பக்கம் சாயுது. அஞ்சாக்கு."

"வேணாம். மூணரையோட நிறுத்துவோம். கொஞ்சம் சாஞ்சா சாயட்டும்."

"எனக்கு மேல இருக்கவன் என்னைத்தான் கேப்பான். அஞ்சாக்குன்னேன்ல."

"அஞ்சாக்கினா வெளியூர்க்காரனுங்க ஒஹாயோ மேல வந்து விழுவானுங்க. ஆட்டம் நாலுல முடிஞ்சா ரெண்டு பக்கமும் நாமதான் அழணும்."

"நாலுல எந்த ஆட்டம் முடியுது? ஏத்துய்யா."

மெர்ல் ஏற்றினார். மதியத்துக்குள் பந்தயத்தையே தொழிலாகக் கொண்ட வெளியூர்க்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் ஒஹாயோ மேல் கட்டினார்கள். ஒஹாயோ ஐந்துக்குக் குறைவான புள்ளியில் தோற்றாலே போதும், அவர்களுக்குப் பணம். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது என்று ஸ்ட்ரௌட் கையைத் தேய்த்துக்கொண்டு போனார்.

ஞாயிறு பிற்பகல். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. கலிஃபோர்னியா ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது. அப்படியே முடிந்திருந்தால் லெஸ்டர் போன்றவர்களின் பணம் எங்களுக்கு. ஆனால் அந்த அணியின் பயிற்சியாளர் பந்தை உதைக்கச் சொன்னார். கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. மெர்ல் என் பின்னால் நின்றிருந்தார். அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

பந்து நடுவே போனது. இருபத்து நான்கு, இருபது. வித்தியாசம் நாலு.

கூடமே எழுந்து கத்தியது. சீட்டு வாங்கியபோது பலகையில் இருந்த எண்தான் கணக்கு. மூன்றிலும் மூன்றரையிலும் கலிஃபோர்னியா மேல் கட்டியவர்களும் ஜெயித்திருந்தார்கள், ஐந்தில் ஒஹாயோ மேல் கட்டியவர்களும் ஜெயித்திருந்தார்கள். லெஸ்டர் முன்பின் தெரியாத ஒஹாயோக்காரரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். வழக்கமாக அந்த நேரத்தில் பாதி அறை சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டிருக்கும்.

"இந்த அறையில எல்லாரும் சந்தோஷமா இருந்து இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றார் மெர்ல். "நல்லாத்தான் இருக்கு."

இரண்டு பக்கமும் பணம் கொடுத்து விடுதிக்குப் பெரிய நஷ்டம். திங்கட்கிழமை ஸ்ட்ரௌட் மெர்லிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். ஐந்துக்கு ஏற்றியது தன் சொந்த முடிவு என்று மெர்ல் கையெழுத்துப் போட வேண்டும். மெர்ல் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் ஜன்னல் மூன்றடி தூரத்தில்தான் இருந்தது. சனிக்கிழமை நடந்த பேச்சு ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்திருந்தது. ஸ்ட்ரௌட் ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். நான் சீட்டுக் கட்டை அடுக்குவது போல் குனிந்துகொண்டேன். வீட்டில் எனக்கு இரண்டு குழந்தைகள், கணவர் இல்லை. இது காரணம்தான், நியாயம் இல்லை.

மெர்ல் கையெழுத்துப் போட்டார். அவரை வேலையை விட்டு எடுக்கவில்லை, எனக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்த்தினார்கள். சம்பளம் பாதி. அதன்பின் எண்ணை வேறொரு விடுதியிலிருந்து தொலைபேசியில் கேட்டு ஏற்றிக்கொண்டார் ஸ்ட்ரௌட்.

மூன்று வாரம் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன்.

"மெர்ல், அன்னைக்கு ஸ்ட்ரௌட் அஞ்சாக்கச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நான் வாயத் தெறக்கல."

"தெரியும்மா."

"கோவம் இல்லியா உங்களுக்கு?"

அவர் சாண்ட்விச்சிலிருந்து வெள்ளரி ஊறுகாய்த் துண்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

"சண்ட போட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன்னு வையி. திரும்ப அதே நாற்காலி, அதே ஃபோனு, அந்தப் பசங்க முழங்காலு. சோர்ந்து போயிட்டேன் நாடீன், வேற ஒண்ணுமில்ல. நீ சாப்புடு."

நான் சாப்பிட்டேன்.

இரண்டு ஆட்டப் பருவம் மெர்ல் ஜன்னலில் இருந்தார்; பிறகு ஐரீனின் தங்கை இருந்த ஈலி என்ற சிற்றூருக்கு இருவரும் குடிபோனார்கள். ஸ்ட்ரௌட் இன்னும் பெரிய விடுதிக்கு மாறிப் போனார். எனக்கு இன்றும் அதே ஜன்னல்தான்.