ஒன்ஸ் மோர் கேட்ட அடி

நாடகத்தில் அடி விழ எங்கள் கம்பெனியில் ஒரு முறை உண்டு. கதாநாயகனாக வரும் ராஜபார்ட் என் கன்னத்துக்குப் பக்கத்தில் காற்றில் கையை வீசுவார். அதே நொடியில் மிருதங்கக்காரர் ஒரு தட்டுத் தட்டுவார். நான் சுருண்டு விழுவேன். ஜனம் உச்சுக் கொட்டும். அத்தனை வருஷமும் என் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை.

பரமத்தி வேலூரில் கொட்டகை போட்டிருந்தபோது சேலத்துப் படக்காரர் ஒருவர் என் நடிப்பைப் பார்த்துவிட்டு மறுநாள் சாயங்காலம் வந்தார். "குரல் இருக்குதுங்க, முகமும் இருக்குது. காலைல வந்து கூட்டிட்டுப் போறேன். முகத்தைப் பத்திரமாப் பாத்துக்கோங்க. காமிரா சின்னத் தழும்பைக்கூட உடாது" என்றார். பக்கத்தில் ராஜபார்ட் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். நான் போய்விட்டால் அவர் நாடகத்துக்குக் கூட்டம் வராது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று ராத்திரி, குடிகாரப் புருஷனாக வரும் ராஜபார்ட் பெண்டாட்டியான என்னை அடிக்கும் காட்சி. மிருதங்கத்துக்கு முன்பே என் கன்னத்தில் சத்தம் கேட்டது. கண்ணில் பூச்சி பறந்தது. அந்த வேஷத்துக்கு மோதிரமே கிடையாது. அன்று விரலில் மோதிரம் இருந்தது. உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது. என் கூந்தலைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னார்: "இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எப்படிப் போறேன்னு பாக்கறேன்."

கொட்டகையே எழுந்து கைதட்டி "ஒன்ஸ் மோர்" கேட்டது. பாட்டுக்கும் கேட்பார்கள், சாவுக்கும் கேட்பார்கள். செத்தவர் எழுந்து மறுபடி சாவார். மறுத்தால் படுதாவைக் கிழித்துவிடுவார்கள். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிவிட்டு வந்த நல்ல ஜனங்கள்தான். பாவிகள், என் ரத்தத்தைச் சாயம் என்று நினைத்துவிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு குரல், "அந்தப் புள்ளய உட்ருங்க சாமி" என்றது. அது யார் காதிலும் ஏறவில்லை.

ஆர்மோனியக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "முடியாதுன்னு சொல்லிரட்டுங்களா?" என்று கேட்டார்.

"வாசிங்க" என்றேன்.

ராஜபார்ட் மறுபடி கையை ஓங்கினார். காட்சிக்கு வைத்திருந்த பித்தளைச் சொம்பை எடுத்து அவர் வாயிலேயே போட்டேன். பல் உடைகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. கீழே விழுந்தவரின் மோதிரக் கையைப் பலகையோடு வைத்து மிதித்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? அவர் தவழ்ந்தபடி படுதாவுக்குப் பின்னால் போனார். ஜனம் விசில் அடித்தது.

விடிந்ததும் படக்காரர் வந்தார். என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தழும்பு நிக்குமுங்க. அரிதாரத்தப் பூசி மறைச்சுக்கலாம்" என்றார். பிறகு சொன்னார்: "ராத்திரி நானும் பாத்தேனுங்க. அந்த அடிய என்ன இயற்கையா வாங்குனீங்க. படத்துலயும் அதே வேஷந்தான் தரப்போறேன். சொம்பு மட்டும் வேண்டாங்க. பொண்டாட்டி திருப்பி அடிச்சா ஜனம் ஒத்துக்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் உதடு மறுபடி கிழிந்தது. முந்தானையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினேன்.