மாப்பிள்ளை போட்ட கருப்பு மிட்டாய்

அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தத் தெருவில் யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவரே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். பால்காரரிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. மிட்டாய்க் கடைப் பெரியவரின் ஒரே மகளைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டவர்.

அங்கே அவர் முதலில் பாகு காய்ச்சும் வேலைக்குத்தான் வந்தார். பெரியவருக்கு ஆண் பிள்ளை இல்லை. கை சுத்தமான ஆள், எதிர்த்துப் பேசத் தெரியாத ஆள் என்று பார்த்து மகளைக் கொடுத்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை “டேய், அடுப்பப் பாருடா” என்றிருந்தது, அதற்கப்புறம் “மாப்பிள்ளை, அடுப்பப் பாருங்க” என்று ஆனது. அடுப்பு என்னவோ அதே அடுப்புதான்.

வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருப் பக்கம் கடை. அதற்குப் பின்னால் இரண்டு அறையும் சமையலறையும். கடைசியில் மிட்டாய் அறை. அதன் கதவைத் திறந்தால் ஒரு சந்து. மிட்டாய் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு, ஆனால் அதைத் திறக்கக் கூடாது. ஈரக் காற்று பட்டால் மிட்டாய் வியர்த்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு டப்பாவுக்குள் பாறாங்கல்லாகிவிடும். அதனால் வெயிலோ மழையோ, ஜன்னல் சாத்தியபடியே இருக்கும். உள்ளே சர்க்கரை கொதிக்கும் ஆவியில் அவர் நிற்பார். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, அது டக்கென்று உடைகிறதா என்று பார்ப்பார். உடைந்தால் எண்ணெய் தடவிய கல்லின் மேல் ஊற்றி, ஓரங்களை மடித்து மடித்துப் போட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சுவரில் அடித்திருக்கும் கொக்கியில் மாட்டி இழுப்பார். கண்ணாடி போல இருந்த பாகு, இழுக்க இழுக்க வெளுத்துப் பட்டு மாதிரி மின்னும். அதைக் கயிறாகத் திரித்துக் கத்தரியால் நறுக்கினால் மிட்டாய்.

ஊரே வாயில் போட்டுச் சப்பிய அந்த மிட்டாயை அவர் வாயால் தொடுவதில்லை. இனிப்பென்றாலே அவருக்கு வேலை ஞாபகம் வரும். அவருடைய நாக்கு வேறொன்றுக்காக ஏங்கியது. அந்தந்தப் பருவத்தில் மண்ணிலிருந்தும் மரத்திலிருந்தும் இறங்கி வருகிற சாமான்களுக்காக. முதல் மாங்காய், பால் பிடித்த சோளக்கதிர், உரிக்க உரிக்க விரல் பச்சையாகும் பட்டாணி, மண் ஒட்டிய நிலக்கடலை. இதெல்லாம் எப்போது வரும், எப்போது போகும் என்பதை வைத்துத்தான் அந்த மூடின அறைக்குள் அவர் ஒரு வருஷம் கழிந்ததைத் தெரிந்துகொள்வார்.

ஆனால் பெரியவர் வீட்டில் பழம் நுழையக் கூடாது.

“பழம் வந்தா ஈ வரும். ஈ வந்தா எறும்பு வரும். எறும்பு வந்துச்சுன்னா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்” என்பார் பெரியவர். வருஷம் பூராவும் அதே பருப்பு, அதே கிழங்கு. அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நாக்கு ருசிக்கு அலைகிறவன் உருப்பட மாட்டான் என்பது அவருடைய கட்சி.

ஆகவே மாப்பிள்ளை சந்தில் நின்று சாப்பிட்டார். ஒரு பாகு ஆறுவதற்கும் அடுத்த பாகு ஏறுவதற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பழக்காரம்மாவின் தள்ளுவண்டி சந்துக்குள் திரும்பும். வாட்டசாட்டமான, சத்தமாகச் சிரிக்கிற பெண்மணி. மாப்பிள்ளையை விட்டால் அவளுடைய பழத்தை இத்தனை கவனமாகச் சாப்பிடுகிறவர் அந்த ஊரில் யாரும் இல்லை என்று அவள் நினைத்தாள்.

“தம்பி, நாவல் இறங்கிடுச்சு. இன்னிக்குத்தான் மொத தடவ. நாக்க நீட்டுங்க.”

“மெதுவா பேசுங்கக்கா. மாமா காதுல விழுந்துடப் போகுது.”

“விழட்டுமே. அவருக்கும் ரெண்டு குடுப்போம்.”

உப்புப் பொட்டலத்தில் தொட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்வார். தோல் கிழிந்ததும் ஒரு துவர்ப்பு வந்து நாக்கைப் பிடித்து இழுக்கும். அதன் பின்னாலேயே ஒரு தித்திப்பு வெட்கப்பட்டுக்கொண்டு வரும். காலையிலிருந்து தொண்டையில் படிந்திருந்த சர்க்கரை ஆவியை அந்தத் துவர்ப்பு சுரண்டி எடுத்துவிடும். எத்தனையோ பழம் இருந்தாலும் நாவல்பழம் என்றால் அவருக்கு உயிர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கொஞ்ச நாளைக்குத்தான் அதன் ஆட்டம்.

அந்த நாட்களில் அவர் வீட்டுக்குள் வாயைத் திறக்க மாட்டார். பெரியவர் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அவர் மனைவிக்கு அது போதும். சமையலறை வாசலில் வழிமறித்துக்கொண்டு நிற்பாள்.

“வாயத் தொறங்க, பாப்போம்.”

“ம்ஹூம்.”

“ஊதா கலர்ல ஒரு நாக்கு உள்ள இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பா? எனக்கு எங்க?”

சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் கைமாறும். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த திருட்டு அது ஒன்றுதான்.

அந்த வருஷம் நாவல் நிறையக் காய்த்தது. பெரியவர் தன் தங்கை வீட்டு விசேஷத்துக்காக வெளியூர் போயிருந்தார். அன்றைக்கென்று நல்ல மழை. பழக்காரம்மாவின் வண்டிச் சக்கரம் சந்து முனையில் கழன்று, ஒரு கூடைப் பழம் நசுங்கிப் போய்விட்டது.

“இத இனிமே யாரு வாங்குவா? நீங்களே தின்னுங்க தம்பி” என்று கூடையை அவர் வாசலில் வைத்துவிட்டு, சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஒரு கூடைப் பழம். அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி முதல் முறையாகக் கூடையோடு உள்ளே வந்தது. மாப்பிள்ளைக்குக் கை பரபரத்தது. மனைவியைக் கூப்பிட்டார். இருவரும் உட்கார்ந்து கொட்டையை நீக்கினார்கள். சாறும் சதையுமாகச் சர்க்கரையில் கொட்டிக் காய்ச்சினார். முதல் தடவை பிசின் மாதிரி ஆகி, கல்லிலிருந்து எழுந்து வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அடுத்த தடவை அடி பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் அவருக்கு யோசனை வந்தது. சதையைத் தனியாகக் காய்ச்சி, தண்ணீர் சுண்டிக் கரண்டியில் நிற்கும் வரை கிண்டி, பிறகு சர்க்கரையைச் சேர்த்தார். கல்லில் ஊற்றினார். கருங்கல் நிறத்தில் பளபளவென்று படிந்தது. ஆறினதும் துண்டு போட்டு மனைவியின் வாயில் ஒன்று வைத்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “ஐயோ, துவர்க்குதுங்க” என்றாள். சிரித்தாள். “இன்னொண்ணு குடுங்க.”

வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனாலும் அந்த அறை அன்றைக்கு அவருக்கு ஒரு மூடின அறையாகவே தோன்றவில்லை. இருவரும் தரையில் காலை நீட்டிக்கொண்டு, குழந்தைகள் மாதிரி ஒருவருக்கொருவர் நாக்கைக் காட்டிச் சிரித்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மனைவிக்கு மனசு கேட்கவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டாள். பெரியவர் ஊரிலிருந்து திரும்பி வந்து கடையில் உட்கார்ந்ததும் முதல் ஆளாகத் தையல்காரம்மா வந்து நின்றாள்.

“அந்தக் கருப்பு மிட்டாய் கொஞ்சம் குடுங்களேன்.”

“கருப்பு மிட்டாயா? நம்ம கடையிலயா?”

“மாப்பிள்ளை போட்டாரே!”

பெரியவர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். மிச்சமிருந்த டப்பாவோடு அவர் வந்து நின்றார். இன்றைக்கு நல்ல மண்டகப்படி என்று நினைத்துக்கொண்டார். பெரியவர் ஒன்றை எடுத்து முகர்ந்தார், வாயில் போட்டார். தாடை மட்டும் அசைந்தது.

“இதையே போடுங்க” என்றார்.

மாப்பிள்ளைக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அந்த மனிதர் அவரை மெச்சி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்குக் கால் தரையில் பாவாமல் நடந்தார். பழக்காரம்மா கூடை கூடையாகக் கொண்டு வந்து இறக்கினாள்; பெரியவர் ஈயை மறந்துவிட்டார். கருப்பு மிட்டாய் சூடான பஜ்ஜி போல் விற்றுப் போனது. பக்கத்துத் தெருக்காரர்களும் தேடி வந்தார்கள்.

அப்புறம் பருவம் முடிந்தது.

“மாமா, நாவல் முடிஞ்சு போச்சு. இனி அடுத்த வருஷந்தான்.”

“அடுத்த வருஷம் வரைக்கும் ஜனங்க வாயக் கட்டிக்கிட்டு இருப்பாங்களா?” என்றார் பெரியவர். மேசைக்கு அடியிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார். ஒன்றில் ஊதாச் சாயம். இன்னொன்றில் நாவல் வாசனை. “இதுல ரெண்டு சொட்டு, அதுல ரெண்டு சொட்டு. பழத்த விட வாசனை தூக்கும்னு கடைக்காரன் சொன்னான்.”

தூக்கத்தான் செய்தது. மூடியைத் திறந்தால் வீடு முழுக்க நிறைந்தது. சாத்திய ஜன்னலுக்குள் அந்த வாசனை போக வழியில்லாமல் சுவரில் படிந்தது, துணியில் படிந்தது, அவர் தலையணையில் படிந்தது. அவர் நகக்கண்ணெல்லாம் ஊதா. வெள்ளை மிட்டாயைக் கேட்பார் இல்லை. மாங்காய் வந்து போனது, பட்டாணி வந்து போனது, சந்தில் வண்டி வந்து நின்று நின்று போனது. அவருக்கு வெளியே வர நேரமில்லை. கருப்பு மிட்டாய்க்கு அத்தனை தேவை.

மறுபடி மழை தொடங்கியபோது பழக்காரம்மா கதவைத் தட்டினாள். “தம்பி! மொத நாவல். உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்.”

அவர் அரக்கப் பரக்க ஓடி வந்தார். ஒன்றை உப்பில் தொட்டு வாயில் போட்டார். கடித்தார். பாட்டில் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. இன்னொன்றைப் போட்டார், அதுவும் அப்படியே. சாக்கடை ஓரம் போய்த் துப்பினார்.

“பழம் நல்லா இல்லையா தம்பி?” அவள் முகம் வாடிப்போனது.

“பழம் நல்லாத்தான் இருக்கு அக்கா. என் வாய்தான் கெட்டுப் போச்சு.”

அன்றைக்குச் சாயங்காலம் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். “மாமா, இந்தக் கருப்பு மிட்டாய நிறுத்திடலாமா?”

“ஏன், அதுக்கு என்ன கேடு?”

“எனக்கு அந்த வாசனையே ஆகல.”

பெரியவர் அவரை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தார். “உங்களுக்காகவா மாப்பிள்ளை மிட்டாய் போடறோம்?”

மாப்பிள்ளை திரும்பி மிட்டாய் அறைக்கு வந்தார். அடுப்பை அணைத்தார். சந்து வழியாக வெளியேறி நடந்தார். எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஊரை விட்டுப் போகும் பஸ் நிற்கிற இடம் வரை போய் நின்றார். வீட்டுச் செருப்பு, சர்க்கரை படிந்த லுங்கி, ஊதா விரல்கள். தையல்காரம்மா அந்தப் பக்கமாக நூல் வாங்கிக்கொண்டு வந்தாள். “என்ன மாப்பிள்ளை, எங்க கெளம்பிட்டீங்க?” சைக்கிளில் போன பால்காரரும் காலை ஊன்றி நின்றார். “மாமனார் ஏதும் வாங்கிட்டு வரச் சொன்னாரா மாப்பிள்ளை?” பஸ் வந்தது, கதவு திறந்தது. நடத்துநர்கூட சிரித்தார். “அட, கருப்பு மிட்டாய் மாப்பிள்ளை! ஏறுங்க.”

ஏறி எங்கே போனாலும் முதல் நிறுத்தத்துக்குள் பெரியவருக்குச் சேதி போய்விடும். அது போகட்டும். வீட்டில் மனைவி விளக்கைப் போட்டுவிட்டு அறையை எட்டிப் பார்ப்பாள். அடுப்பு அணைந்திருப்பதைப் பார்ப்பாள். அவளை விட்டுவிட்டு அவருக்கு எந்த ஊர்?

“சும்மா, காத்தாட வந்தேன்” என்றார். பஸ் போனது. அவர் வந்த வழியே திரும்பினார். மறுபடி அடுப்பை மூட்டி, பாட்டில் மூடியைத் திறந்தார்.

கொய்யாப் பருவம் வந்தது. ஒரு நாள் கதவோரம் நின்று, உள்ளே சிவந்த ஒரு கொய்யாவைக் கடித்தார். நல்லவேளை, அதற்கு அந்த வாசனை இல்லை. மிளகாய்த்தூளும் உப்பும் சேர்ந்து நாக்கில் சுரீரென்றது. விதைகள் பல்லில் நெரிந்தன. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு பழம் அவருக்குப் பழமாக ருசித்தது. கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தவர் திறந்தபோது எதிரே பெரியவர் நின்றுகொண்டிருந்தார். பழத்தைக் கண்டு திட்டவில்லை. வியாபாரிப் பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரசிச்சு சாப்பிடறீங்களே. என்ன பழம்?”

“கொய்யா மாமா.”

“இதப் பாகுல போட்டா எப்படி இருக்கும்?”

கொய்யாவைப் போல் பாகில் சொன்னபடி கேட்டு நிற்கிற பழம் வேறெதுவும் கிடையாது. கொக்கியில் மாட்டவே வேண்டாம், தானாக இறுகும். மாப்பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும். அவர் வாயிலிருந்ததை விழுங்கினார். முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

“நிக்காது மாமா. போட்டுப் பாத்தேன். வெறும் கூழ். எறும்பு வேற மொய்க்குது.”

“எறும்பா?” பெரியவர் ஒரு அடி பின்வாங்கினார். “அப்ப அதத் தூரப் போட்டுட்டு வாங்க மொதல்ல.” உள்ளே போய்விட்டார்.

அந்த வீட்டில் மாப்பிள்ளை சொன்ன முதல் பொய் அது. அதற்கப்புறம் அவர் முகத்தைப் பழக்கிக்கொண்டார். எத்தனை ருசியான பழத்தையும் வேப்பங்காய் தின்கிறவர் மாதிரித் தின்னக் கற்றுக்கொண்டார். பழக்காரம்மா முதலில் மிரண்டாள், அப்புறம் விஷயம் தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மனைவிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சமையலறையிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்குப் பெரியவர் உள்ளே போனதுமே ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி சந்துக்கு வந்தாள். அவர் கையிலிருந்த பாதிக் கொய்யாவைப் பிடுங்கி, ஒரு பெரிய கடியாகக் கடித்தாள். மென்றாள். கடைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சொன்னாள்:

“ரொம்ப மோசம். நாளைக்கு இன்னும் நாலு வாங்கி வைங்க.”