தண்டவாளத்தில் துக்கக் கூடாரம்

2003 நவம்பர் 19 – சுரங்கச் சரிவு. இறந்தவர் இருவர்.
2004 மார்ச் 2 – இழப்பீடு, ஆளுக்கு 4,200 தினார்.
2007 ஜூலை – மாத விதவைப் பணம் 187 தினாரிலிருந்து 214 ஆனது.
2008 ஜனவரி 7 – சுரங்கக் கம்பெனியில் வேலை கிடைத்தவர்களின் பட்டியல். இடங்கள் 80, மனுக்கள் 1,040.

காஃப்ஸா மலையடிவாரத்துச் சுரங்க ஊரில் ஹஃப்சியா பட்டினி கிடந்தவள் அல்ல. வீட்டில் குளிர்பெட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் ரவைச் சோற்றில் ஆட்டுக்கறி இருந்தது. பட்டியலில் மகன் லஸ்ஹரின் பெயரும் இருந்தது, அவள் அண்ணன் தொழிற்சங்கத்தில் இருந்ததால். பக்கத்து வீட்டு வர்தாவின் மகன் தேர்வில் லஸ்ஹரைவிட அதிக மதிப்பெண் வாங்கியவன். அவன் பெயர் இல்லை. இரு பெண்களின் கணவர்களும் அந்த ஒரே சரிவில் போனவர்கள்.

பட்டியல் ஒட்டிய அன்றே ஹஃப்சியா, கணவரின் துக்கத்துக்கு வாசலில் போட்டிருந்த கூடாரத்தைத் தேடி எடுத்தாள். வர்தாவும் அவளும் அதைச் சுமந்துபோய், சுரங்கத்துப் பாஸ்பேட் ஏற்றிய ரயில் ஓடும் தண்டவாளத்தின் குறுக்கே நட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் துக்கக் கூடாரத்தை யாரும் கண்டுகொள்ளாமல் கடந்து போவதில்லை. ரயில் ஓட்டிவந்த அம்மாரும் நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றியபடி இறங்கினார்.

"யாரு அக்கா தவறிட்டாங்க?"

"இதுவரைக்கும் யாரும் சாகல. உக்காரு. துக்கக் காபி, சர்க்கரை கிடையாது," என்றாள் ஹஃப்சியா.

"அடக் கடவுளே, பின்னால முப்பது பெட்டி நிக்குது!"

"அதுங்களுக்கும் ஊத்தவா?"

அம்மார் சிரித்துவிட்டார். குடித்தார். ரயிலை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் கம்பெனி டைரக்டர் வந்தார். "பணத்தக் கூட்டிக் குடுத்தோம், ரோடு போட்டோம். உனக்கு என்னம்மா குறைச்சல்?"

"எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. இவ மவனுக்கு வரவேண்டியத என் மவனுக்குக் குடுத்திருக்கீங்க. அதத் திருப்பிக் குடுக்கத்தான் உக்காந்திருக்கேன்."

"சாயங்காலத்துக்குள்ள இத எடுக்கலைன்னா உன் மகன் பேர் போயிடும்."

சேதி கேட்டு லஸ்ஹர் ஓடிவந்தான். "யம்மா, உனக்கென்ன பைத்தியமா? நாலு வருஷமா வேலையில்லாம காபிக்கடைச் சுவத்துல சாஞ்சு நிக்கிறேன்!"

"தெரியும்டா. அந்தச் சுவத்துச் சுண்ணாம்ப உன் சட்டையிலேருந்து நாந்தான தோய்க்கிறேன்?"

"அப்ப எழுந்து வா."

"வர்தா மூஞ்சியப் பாத்துக்கிட்டு அந்தச் சம்பளத்து ரொட்டி என் தொண்டையில இறங்காதுடா."

அவன் முளைக்குச்சியை எட்டி உதைத்துவிட்டுப் போனான். ஹஃப்சியா அதை மறுபடி அடித்து இறக்கினாள்.

சாயங்காலம் கூடாரம் அங்கேயே நின்றது. மறுநாள் பக்கத்தில் ஐந்து கூடாரங்கள் முளைத்தன. வாரக் கடைசியில் கடைக்காரர்கள் கடைகளை மூடிவிட்டு வந்தார்கள். ஊரே தண்டவாளத்தில் உட்கார்ந்தது.

வர்தாவின் மகனுக்கு வேலை உத்தரவு மார்ச் 3 அன்று வந்தது. லஸ்ஹர் அப்போது ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்தான், அம்மாவோடு பேச்சில்லை. பட்டியலிலிருந்து அவன் பெயரை நீக்கியதாகச் சொல்லும் கம்பெனிக் கடிதம் ஹஃப்சியாவின் வீட்டுக்கு வந்த நாள் 2008 மார்ச் 11.