செத்தவர்கள் எழுந்து நடக்கும் நாடகம்

போன மாதம் எங்கள் கம்பெனிக்கு ஒரு டி-ஷர்ட் சாம்பிள் வந்தது. நெஞ்சில் ஒரு பிணத்தின் முகம். ஒரு கண் இல்லை, கன்னத்தில் தோல் இல்லை. பக்கத்து மேசைப் பெண் பார்க்கச் சகிக்காமல் திரும்பிக்கொண்டாள். எனக்கோ சொந்தக்காரர் ஒருவரைப் பல வருடம் கழித்துப் பார்த்த மாதிரி இருந்தது. எட்டு வயதில் அந்த முகத்தை ஒரு வருடம் முழுக்க உடுத்தியவள் நான்.

அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் தாய்மாமா. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள் நாங்கள். லைன் வீட்டில் எங்களுக்கு ஒரு கதவு, மாமாவுக்கும் அத்தைக்கும் அடுத்த கதவு. அவர்களுக்குப் பிள்ளை இல்லாததால் நான் இரண்டு கதவுக்கும் பொது. மாமா டி-ஷர்ட்டில் படம் அச்சடிக்கும் யூனிட்டில் இருந்தார். வெளிநாட்டில் ஒரு படக்கதைப் புத்தகத்தை டிவி நாடகமாக எடுத்து, அது சக்கைப்போடு போட்டதில், அந்த நாடகத்து டி-ஷர்ட் ஆர்டர் அவருடைய யூனிட்டுக்கு வந்தது. அச்சு விலகிப்போன பீஸ்களை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மாமா ஒரு மூட்டையே எடுத்துவந்தார். மறுநாளிலிருந்து எங்கள் லைனில் இருந்த அத்தனை பிள்ளைகளும் பிண முகத்தோடு குழாயடியில் நின்றோம்.

வீட்டுக்காரம்மா திருப்பூர்க்காரர். கோபத்தையும் மரியாதையாகத்தான் சொல்லத் தெரியும் அவருக்கு. "ஏனுங்க, இந்தப் புள்ளைக்கு வேற துணியே இல்லீங்களா? காலங்காத்தால பொணத்து மூஞ்சியிலதான் முழிக்கோணுங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சிரித்து மழுப்பிவிட்டாள். சும்மா கிடைத்த துணியைச் சும்மா விடுவாளா என்ன.

தான் நாளெல்லாம் அச்சடிக்கும் முகம் யாருடையது என்று தெரிந்துகொள்ளத்தான் மாமா அந்த நாடகத்தைப் போனில் பார்க்க ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அர்ஜென்ட், ஷிப்மென்ட், ரிஜெக்ட் என்ற மூன்று வார்த்தைகள்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என்னை மடியில் வைத்துக்கொண்டு எல்லா வசனத்தையும் அவரே பேசுவார். நாடகத்துப் போலீஸ்காரர் சுத்தமான அருப்புக்கோட்டைத் தமிழில் கோபப்படுவார். அத்தை, கம்பெனியிலிருந்து கூலிக்கு வாங்கிவந்த பீஸ்களில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே, பார்க்காதது போலப் பார்ப்பாள்.

நாடகத்தின் சட்டதிட்டங்கள் எனக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாக மனப்பாடம். முதலில் காய்ச்சல் வரும். பிறகு செத்துப்போவார்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நடப்பார்கள். ஆள் அடையாளம் தெரியாது, பெற்ற தாயையே கடிப்பார்கள். அந்தக் கதை நீண்டுகொண்டே போய், அதிலிருந்து கிளைக் கதைகளும் வந்தன. அது என்ன என்று கேட்டதற்கு, பெரிய குடும்பத்தில் ஓர் ஆள் பிரிந்துபோய்த் தனிக்குடித்தனம் வைப்பதில்லையா, அந்த மாதிரிதான் என்றார் மாமா. முதல் கதையில் செத்தவர் ஒருவர் கிளைக் கதையில் உயிரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். அது முன்னால் நடந்தது என்று மாமா எவ்வளவோ சொன்னார். எனக்கு அது ஏறவில்லை. செத்தவர் இங்கே இல்லாவிட்டால் வேறு கதையில் இருப்பார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் அத்தை கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஆளே தெரியாம எந்திரிச்சு வந்து என்ன பிரயோசனம்?"

"எனக்குத் தெரியாட்டி என்ன, உனக்குத் தெரியும்ல," என்றார் மாமா.

அத்தை மறுபடி கத்தரியை எடுத்தாள். அவள் காது மட்டும் சிவந்திருந்தது.

அந்த ஐப்பசியில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு நான்கு நாள் வேலைக்குப் போனார். ஐந்தாம் நாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஏழாம் நாள் காலையில் ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, லைன் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டுப் படுக்கவைத்தார்கள். அம்மா மண்ணில் விழுந்து அழுதாள். நான் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று ஒரு பெரியம்மா சொன்னாள். காய்ச்சல் வந்தாயிற்று, செத்தும் ஆயிற்று, அடுத்து என்ன என்று தெரிந்தவள் எதற்கு அழ வேண்டும்?

வீட்டுக்காரம்மா ஒரு கவுனோடு வந்தார். "இன்னைக்கு இது வேண்டாங்கண்ணு," என்று அவரே என் பிண முகச் சட்டையைக் கழற்றி, தன் பேத்தியின் கவுனை மாட்டிவிட்டார்.

ஊரிலிருந்து சொந்தங்கள் வரவேண்டும், மத்தியானம் ஆகும் என்றார்கள். நான் மாமாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து, வெள்ளைப் பனியன் துணிக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். பீஸ் மூட்டை கட்டுகிற அதே துணி. எந்த வீட்டிலும் செய்கிற வழக்கம்தான் அது, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், காலைக் கட்டிப் போட்டால் ஒரு மனிதர் எப்படி எழுந்து நடப்பார் என்பதுதான். இவ்வளவு பெரியவர்கள் இருந்தும் ஒருவருக்குமா இது தோன்றவில்லை என்று எரிச்சலாக வந்தது.

பனியன் துணி முடிச்சை இழுத்தால் இறுகும். உள்ளே தள்ளிக் கொடுத்தால் விட்டுவிடும். மூட்டை பிரிக்கும்போது அத்தை சொல்லிக் கொடுத்தது. அப்படியே செய்தேன். கால்கள் மெல்ல விலகின. தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை மட்டும் தொடவில்லை. எழுந்தால் கடிப்பார் என்பதை நான் மறந்துவிடவில்லை.

நிமிர்ந்தபோது அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமாட்டிலிருந்து நகர்ந்து வந்தாள்.

"எதுக்குத்தா அவுத்த?"

"மாமா நடக்கணும்ல."

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அவிழ்த்த துணியை என் கையிலிருந்து வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். போர்வையை இழுத்து மாமாவின் பாதங்களை மூடினாள். பிறகு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மாலையோடு வந்தவர்கள் தலைமாட்டுக்குப் போய் உட்காரச் சொன்னார்கள், அசையவில்லை.

மத்தியானம் ஊரிலிருந்து வந்த பெரியப்பா, குளிப்பாட்டப் போர்வையை எடுத்ததும் சத்தம் போட்டார். கால்கட்டை அவிழ்த்தது யார் என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் அத்தை.

புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தத் துணியை எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தாள். அவர் கட்டினார். அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக அத்தை வாய்விட்டு அழுதாள். கட்டிய பிறகு இனி ஒன்றும் நடக்காது என்று எனக்கும் தெரிந்துபோயிற்று. நானும் அழுதேன்.

நான் அவிழ்த்ததிலிருந்து பெரியப்பா வரும்வரை, அந்த இரண்டு மணி நேரமும் அத்தை கண்ணை எடுக்காமல் போர்வையின் கால்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடிவாங்கிவிடக் கூடாதே என்று காவல் இருக்கிறாள் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.