ஐசிஸுக்கு ஓர் இருக்கை

1. அந்தரத்தில் ஒருத்தி

மறுநாள் திறப்பு விழா. ஐசிஸ் இன்னும் உட்காரவில்லை.

சிட்னியில் ஓர் அருங்காட்சியகத்தில் மவுண்ட் செய்வது என் வேலையாக இருந்தது. காட்சிப்பொருள் விழாமல் தாங்குகிற பித்தளைப் பிடிக்குத்தான் மவுண்ட் என்று பெயர். வேலை ஒழுங்காக இருந்தால் அதை ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்.

ஐசிஸ் எகிப்தின் தாய்த்தெய்வம். ஒரு சாண் உயர வெண்கலம், மடியில் பால் குடிக்கும் பிள்ளை. ஆசனத்தைத் தனியாகச் செய்திருந்தார்கள். அது எந்தக் காலத்திலோ தொலைந்துவிட்டது. பாவம், அந்தரத்தில் இருந்தாள்.

மேலாளர் ரமேஷ் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இளையவர். "அக்கா, குழந்தை கழுத்துல கிளிப் போட்டு பின்னாடி கம்பில மாட்டிருங்க. ஆடுச்சுன்னா வந்த பெட்டிக்கே திருப்பி அனுப்பிருவோம்."

"உமக்கென்ன விசரே தம்பி? பால் குடிக்கிற பிள்ளையின்ர கழுத்தில கம்பி போடுறதே?"

கோபம் வந்தால் மறைக்க எனக்குத் தெரியாது. அவளுடைய தொடை வளைவுக்குத் தகட்டை வளைத்து, உள்ளே ஃபெல்ட் துணி ஒட்டினேன். ஆடினாள். ராவி ராவித் திரும்ப வைத்தேன். மாலையில் ரமேஷ் மேடையைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"செம அக்கா! ஜம்முன்னு உக்காந்துட்டாங்க."

2. திறப்பு விழா

நல்ல கூட்டம். ஐசிஸின் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் இளம் தாய் சுவரில் சாய்ந்து நின்றாள். கையில் குழந்தை வீரிட்டு அழுதது. நான் தமிழ் என்று கண்டதும், "அன்ரி, எங்கயும் இருக்க இடம் இருக்கோ? இவள் பாலுக்கு அழுறாள்" என்றாள்.

சுற்றிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரு கதிரைகூட இல்லை. வெண்கலப் பெண்ணை இருத்த மண்டையை உடைத்துக்கொண்ட எனக்கு இது தோன்றவே இல்லையே என்று வெட்கமாகிவிட்டது.

பட்டறைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டேன். ரமேஷ் ஓடிவந்தார்.

"அக்கா, உள்ள சேர் போடக்கூடாது. மண்டப டிராயிங்லயே இல்ல."

"அப்ப டிராயிங்கை மாத்தும்."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், பெட்டிக்குள்ளே இருந்தவளைப் பார்த்தார். பிறகு கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, கூட்டத்துக்கு மறைப்பாக நின்றார். அழுகை அடங்கியது.

ஓய்வு பெறும்வரை, எந்த டிராயிங் வந்தாலும் பார்வையாளருக்குக் கதிரை எங்கே என்றுதான் முதலில் பார்ப்பேன். அது இல்லையென்றால் தெய்வமும் நிற்கட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன்.